ஊதாமல் விட்ட நாலு பவுல்

எனக்குக் கால்பந்து ஆடத் தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்கக் கூடாது. போடிநாயக்கனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தேன். டிரில் மாஸ்டர் என்றால் உலகத்தில் உள்ள எல்லா விளையாட்டும் தெரிந்திருக்கும் என்று ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெப்ரி வராமல் ஒரு மேட்ச் நின்றுபோகிறது என்று வந்து கூப்பிட்டார்கள். கழுத்தில்தான் விசில் தொங்குகிறதே என்று நானும் போய் நின்றேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் என்னை அவர்கள் விடவில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. ஊரில் இரண்டு டீமைத்தான் பேசுவார்கள். ஒன்று மண்டி டீம். ஏலக்காய் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், காயைச் சல்லடையில் போட்டுப் பிரிக்கிறவர்கள், கடைச் சிப்பந்திகள். இன்னொன்று மலை டீம். போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டுகளில் வேலை பார்க்கிறவர்கள். மைதானம் என்று பெயர்தான், ஆற்றோரத்தில் கல்லும் நெருஞ்சியுமாகக் கிடந்த ஒரு பொட்டல். இரண்டு பக்கமும் மூங்கிலை நட்டுக் கோல் போஸ்ட் என்பார்கள். ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் வெறுங்கால். ஷூ போட்டவன் நான் ஒருத்தன்தான். அது பெருமைக்கு இல்லை. முள் குத்தினால் குனிந்து எடுக்க முடியாது, என் முட்டி அந்த லட்சணம்.

வாரத்தில் ஆறு நாள் வெயிலில் நின்று கத்துவேன். ஏழாவது நாளாவது ஈஸிசேரில் சாய்ந்து கிடப்போம் என்றால் அதுவும் போயிற்று. ஆறு நாள் கத்துவது பத்தாதா, ஏழாம் நாள் ஊர் திட்டையும் காசு கொடுக்காமல் வாங்கிக்கொண்டு வர வேண்டுமா என்று என் வீட்டுக்காரி கேட்பாள். கால் இரண்டையும் வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ரெப்ரி வேலையில் ஒரு மனிதன் களைத்துப்போவது ஓடுவதால் அல்ல. ஒன்றரை மணி நேரமும் இது பவுலா, இல்லையா, ஊதவா, வேண்டாமா என்று ஓயாமல் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால்தான். வீட்டுக்கு வந்த பிறகு சாப்பாட்டில் உப்பு சரியா என்று கேட்டால்கூட எனக்கு எரிச்சல் வரும்.

மதுரையில் ஒரு சமயம் ரெப்ரிகளுக்கு மூன்று நாள் வகுப்பு நடத்தினார்கள். பஸ்சில் இடித்துப் பிடித்துக்கொண்டு போய்வந்தேன். அங்கேதான் அந்த விதியைச் சரியாகப் படித்தேன். அட்வான்டேஜ் என்று அதற்குப் பெயர். விஷயம் சின்னதுதான். ஒருவன் எதிராளியைத் தட்டி விழவைக்கிறான். ஆனால் விழுகிறவன் விழுவதற்கு முன்னே பந்தைத் தன் ஆளுக்குத் தள்ளிவிட்டான். அந்த ஆள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறான். இப்போது விசில் ஊதினால் ஓடுகிறவன் நின்றுவிடுவான், தட்டிவிட்டவன் தப்பித்துக்கொள்வான். தப்புச் செய்தவனுக்கே அது லாபம். அதனால் ஊதாதே, ஆட்டம் ஓடட்டும் என்கிறது சட்டம். அடிபட்ட கட்சிக்காகத்தான் ரெப்ரி வாயை மூடிக்கொள்கிறான்.

இதற்கு இரண்டு வால் உண்டு. ஒன்று, விட்டால் விட்டதுதான். கோல் விழவில்லையே என்று திரும்பி வந்து பழைய பவுலுக்கு ஊத முடியாது. அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. இன்னொன்று, ஆட்டத்தை விட்டாலும் ஆளை விட வேண்டியதில்லை. அடுத்து எப்போது பந்து நிற்கிறதோ அப்போது அவனைக் கூப்பிட்டுக் கண்டிக்கலாம். ஒரே ஆள் திரும்பத் திரும்பச் செய்தால் நோட்டில் பெயரை எழுத வேண்டும். அதற்கு மேலும் செய்தால் வெளியே அனுப்ப வேண்டும். மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எல்லாம் அப்போது கிடையாது. ஒரு நோட்டும் ஒரு பென்சிலும்தான் சட்டைப் பையில் இருக்கும். பெயர் எழுதுவது என்றால் எங்கள் ஊரில் பெரிய அவமானம். போலீஸ் ஸ்டேஷனில் எழுதின மாதிரி முகம் செத்துப்போகும் ஆட்களுக்கு.

விட்டுவிட்டேன் என்பதை ஆட்டக்காரர்களுக்குத் தெரிவிக்க இரண்டு கைகளையும் முன்னால் வீசி, ஆங்கிலத்தில் பிளே ஆன் என்று கத்த வேண்டும் என்று மதுரையில் சொல்லிக்கொடுத்தார்கள். போடியில் வந்து கத்தினேன். இரண்டு டீமும் அப்படியே நின்றுவிட்டது. யாரு சார் அது பிளையான், அப்படி ஒருத்தன் எங்க டீம்ல இல்லையே என்றான் மலை டீமில் கோல் காக்கிற கோலி. சரி, தமிழில் சொல்வோம் என்று அடுத்த வாரம் ஆடு என்று கத்தினேன். கூட்டத்தில் ஒரு மகராசன் மே என்றான். அவ்வளவுதான், பொட்டல் முழுக்க மே மே என்று ஒரே சத்தம். ஒரு மாதம் மண்டித் தெருவில் நான் காய்கறி வாங்கப் போனால்கூட முதுகுக்குப் பின்னால் எவனாவது கத்துவான். விளையாடு என்று சொல்லிப் பார்த்தேன். அது நீளம். சொல்லி முடிப்பதற்குள் பந்து ஆற்றில் கிடக்கும்.

கடைசியில் ஒரு நாள் யோசிக்காமலே வாயில் வந்தது, போகட்டும் என்று. கைகளை வீசிக்கொண்டு போகட்டும் என்றேன். ஆட்டம் நிற்காமல் ஓடியது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்தச் சொல்லே நிலைத்துவிட்டது. அதற்கு எங்கள் ஊரில் வேறு என்ன அர்த்தம் இருக்கிறது என்று நான் நின்று யோசிக்கவில்லை. வாத்தியார் வேலை பார்த்தவன், யோசித்திருக்க வேண்டும்.

மலை டீமில் இடது ஓரத்தில் ஓடுகிறவன் ஒருத்தன் இருந்தான். இருபத்தைந்து வயசு இருக்கும். ஒல்லி. எஸ்டேட்டில் களை வெட்டுகிற வேலை. மேட்ச் அன்று காலையில் ஒற்றையடிப் பாதையில் மலையை இறங்கி வருவான், ஆடுவான், மறுநாள் விடியும் முன்னே ஏறிப்போவான். அவன் ஓடுவதைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வரும். எனக்கும் அவன் ஆட்டம் பிடிக்கும். வெளியே சொல்ல மாட்டேன், ரெப்ரிக்கு யாரையும் பிடிக்கக் கூடாது.

அவனுக்கு எதிரே மண்டி டீமில் நின்றவன் ஒரு மூட்டைக்காரன். ஆள் கதவு மாதிரி இருப்பான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான், மேட்ச் நடுவில் தண்ணீர் கொண்டா என்றால் முதலில் ஓடுகிறவன் அவன்தான். ஆனால் அந்த மலைக்காரனோடு ஓட அவனால் முடியாது. ஓட முடியாதவன் காலைத்தான் நீட்டுவான். வேறு என்ன செய்வான்?

நான் சொல்ல வந்த மேட்ச் ஒரு பங்குனி மாதம் நடந்தது. நாலு மணிக்கும் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆட்டம் தொடங்குவதற்கு முன் மலைக்காரன் என்னிடம் வந்தான். மேல்மலையில் இருக்கிறவர்களுக்குப் பேச்சில் மலையாளம் கலந்துவிடும், அவனுக்கு என்னைக் கூப்பிட சாரே தான். தனக்கு எஸ்டேட்டில் தபால் வேலை கிடைத்திருக்கிறது என்றான். தினமும் காலையில் எஸ்டேட் பையோடு மலையிறங்கி வர வேண்டும், மதுரை ரயில் வந்து போடித் தபாலாபீசில் கடிதங்களைப் பிரிக்கும் வரை காத்திருக்க வேண்டும், வாங்கிக்கொண்டு சாயங்காலத்துக்குள் ஏறிப்போக வேண்டும். கால் நன்றாக உள்ளவனுக்குத்தான் அந்த வேலையைக் கொடுப்பார்கள். இதில் என்னடா இவ்வளவு சந்தோஷம், தினமும் மலை ஏறி இறங்குவதா என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னான். அவன் மனைவிக்கு அஞ்சு மாதம். முதல் பிள்ளை மேலே எஸ்டேட் லயத்துக் கூலி வீட்டிலே குளிர்க்காய்ச்சலில் போய்விட்டதாம். அதனால் இந்தத் தடவை அவளைப் போடியில் அவளுடைய தாய் வீட்டில் விட்டிருக்கிறான். மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் அவனால் வந்து பார்க்க முடிகிறது. தபால் வேலை என்றால் ரயில் வந்து கடிதம் பிரிக்கிற வரைக்கும் தினமும் இரண்டு மணி நேரம் அவன் போடியில் இருப்பான். வீடு தபாலாபீசுக்கு அடுத்த தெருதான்.

“ஒண்ணாந்தேதி தொட்டு வேலைக்கு ஏறணும் சாரே,” என்றான். “அந்த மூட்டைக்காரன் எப்பவும் காலுக்குத்தான் வருவான். நீங்க ஒண்ணு பாத்துக்கணும்.”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொன்னேனா இல்லையா என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம் இருக்கும். மலைக்காரன் ஓரத்தில் பந்தோடு வந்தான். மூட்டைக்காரன் பின்னாலிருந்து கெண்டைக்காலில் ஒன்று விட்டான். விழப்போகிறவன் எப்படித்தான் பார்த்தானோ, பந்தை நடுவில் நின்ற ஆளுக்குத் தள்ளிவிட்டு விழுந்தான். என் உதட்டில் விசில் இருந்தது. ஊதவில்லை. கைகளை வீசிப் போகட்டும் என்றேன். நடுவில் இருந்தவன் ஒரே உதை, கோல். ஜனம் ஆர்ப்பரித்தது. எனக்கும் உள்ளுக்குள் ஒரு குஷி, மறைப்பானேன்? போடியில் அந்த விதிப்படி விழுந்த முதல் கோல் அது. என் ஆயுசில் நான் அடித்த ஒரே கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குஷியில் மூட்டைக்காரனை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டாவது. அதே ஆள், அதே கால். பந்து மறுபடியும் மலை டீமிடமே போனதால் மறுபடியும் போகட்டும் என்றேன். பந்து கோலி கையில் பட்டு வெளியே போய்க் கார்னர் ஆயிற்று. ஆட்டம் நின்றது. மூட்டைக்காரனைக் கூப்பிட்டு நோட்டை எடுத்திருக்க வேண்டிய இடம் அதுதான். அவன் நாற்பது கஜம் தள்ளி நின்றான். நான் அவனைப் பார்த்தேன், சூரியனைப் பார்த்தேன், என் முட்டியை நினைத்துப் பார்த்தேன். கார்னர் அடிக்க எல்லோரும் காத்திருக்கிறார்கள், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் அந்த நாற்பது கஜம் நடக்க எனக்கு அலுப்பாக இருந்தது. வேறு ஒரு காரணமும் கிடையாது.

இடைவேளையில் மலைக்காரன் நொண்டிக்கொண்டு வந்தான். காலைக் காட்டினான். கணுக்காலுக்கு மேலே வீங்கிச் சிவந்திருந்தது. அவனை ஒரு தடவை விளிச்சுச் சொல்லணும் சாரே, ரெண்டும் ஒரே காலில் என்றான். நான் அப்போதுதான் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருத்தனும் என்னிடம் வந்து பேசாமல் இருந்தால் தேவலை என்று இருந்தது.

“கோல் வந்துச்சுல்ல?” என்றேன். “பெறகென்ன? போய் ஆடு.”

அவன் நொண்டிக்கொண்டே போய்விட்டான்.

இரண்டாவது பாதி தொடங்கியதும் மண்டி டீம் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. அதோடு ஆட்டம் சூடு பிடித்தது. மூன்றாவது பவுல் அதற்குப் பிறகு வந்தது. மறுபடியும் தட்டிவிட்டான், மறுபடியும் பந்து மலைக்காரர்களிடம், மறுபடியும் நான் போகட்டும். அதில் கோலும் இல்லை, கார்னரும் இல்லை, பந்தைத் தொலைத்துவிட்டார்கள். அவன் எழுந்திருக்க நேரமாயிற்று. கோட்டோரத்தில் நின்ற கிழவர் ஒருத்தர், பட்ட காலிலேதானே அப்பு படும் என்றார். பத்துப் பேர் சிரித்தார்கள். எழுந்து நின்றவன் என்னைப் பார்த்தான். நான் பந்து இருக்கிற திசையைக் கையால் காட்டினேன்.

நாலாவதைச் சொல்ல எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை. ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம்கூட இல்லை. அவன் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டுதான் ஓடினான். இருந்தாலும் மூட்டைக்காரனைத் தாண்டினான். பந்தை நடுவில் அனுப்பினான். அனுப்பிய பிறகுதான் மூட்டைக்காரனின் கால் முழு வேகத்தில் வந்து விழுந்தது. சத்தம் எனக்குக் கேட்டது. ஆனால் அதற்குள் என் கைகள் இரண்டும் முன்னால் போய்விட்டன, வாயும் சொல்லிவிட்டது. நடுவில் ஒருத்தன் தனியாகக் கோலியை நோக்கிப் போகிறான். எல்லோர் கண்ணும் அங்கே. என் கண்ணும் அங்கேதான். அவன் அடித்த பந்து மூங்கிலுக்கு மேலே போயிற்று.

திரும்பிப் பார்த்தால் மலைக்காரன் உட்கார்ந்திருந்தான். கத்தவில்லை. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதம் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை.

விட்டால் விட்டதுதான் என்று சொன்னேனே. அந்தப் பவுலுக்கு ஊத இனிமேல் எனக்கு அதிகாரம் இல்லை. சட்டப்படி பந்து வெளியே போயிருக்கிறது, மண்டி டீம் கோல் கிக் எடுக்க வேண்டும். ஒருத்தன் பந்தை எடுத்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்து நிற்கிறான், ஊதுவேனா என்று. ஆட்டம் முடிந்தது என்று நீளமாக ஊதினேன். அன்றைக்கு மூட்டைக்காரன் செய்ததற்காக நான் ஊதிய விசில் அது ஒன்றுதான்.

மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அவனைக் கட்டு வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். மூட்டைக்காரன்தான் அவனைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கி வண்டியில் வைத்தான். வண்டி போன பிறகு நான் ஆற்றுப் படுகையில் முகம் கழுவப் போனேன். மூட்டைக்காரன் அங்கே மணலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அவ்வளவு பெரிய ஆள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அவன் மேல் கோபம்தான் வந்தது. ஏண்டா பாவி, ஒரு தடவையா இரண்டு தடவையா, நாலு தடவை ஒரே காலில் அடிப்பாயா என்று கத்தினேன்.

“நாலு தடவையும் நீங்க போகட்டும்னுதானண்ணே சொன்னீக,” என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு விளக்கினான். மண்டியில் மூட்டை தவறி விழுந்து காய் சிதறினால் முதலாளி வருவார். திட்டுவதானால் திட்டுவார், நிறுத்துவதானால் வேலையை விட்டு நிறுத்துவார். போகட்டும் என்று சொல்லிவிட்டால் அதோடு அந்தச் சோலி முடிந்தது. நாளைக்கு அதை யாரும் எடுத்துப் பேசக் கூடாது. சிதறினது சிதறாத மாதிரி. நானும் அப்படித்தான் ஒவ்வொரு தடவையும் தீர்த்துவிடுகிறேன் என்று அவன் நினைத்திருக்கிறான். முதல் தடவை பயந்தானாம். நான் போகட்டும் என்றதும், சரி, ரெப்ரி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று தெம்பு வந்ததாம். நான் எண்ணிக்கொண்டு வந்த நாலு அவனுக்கு நாலு இல்லை. ஒவ்வொன்றும் ஒன்றுதான்.

“ஒரு வாட்டி கூப்பிட்டுப் பேரை எழுதியிருந்தீகன்னா, அதுக்கப்புறம் அவன் பக்கமே போயிருக்க மாட்டேண்ணே,” என்றான்.

நான் அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். இடைவேளையில் நொண்டிக்கொண்டே போனானே மலைக்காரன், அவனும் அந்தச் சொல்லை அப்படித்தானே கேட்டிருப்பான் என்று அப்போதுதான் உறைத்தது. அடிபட்டுக் கிடக்கிற ஒருத்தனைப் பார்த்து நாலு தடவை போகட்டும் விடு என்று சொல்லியிருக்கிறேன். அவனுக்காகத்தான் ஊதாமல் இருந்தேன் என்பது மதுரையில் நான் படித்த சட்டப் புத்தகத்துக்கு மட்டும்தான் தெரியும்.

கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அவனை மாமியார் வீட்டிலேயே படுக்கவைத்தார்கள். மூட்டைக்காரன் தினமும் காலையில் மண்டிக்குப் போகும் முன் அந்த வீட்டுக்குப் போய் இரண்டு தவலை தண்ணீர் எடுத்து ஊற்றிவிட்டுப் போவான். முதல் வாரம் கதவைச் சாத்தினார்களாம், அவன் வாசலில் வைத்துவிட்டு வந்தானாம். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. இரண்டு தடவை தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். படித்தவன் புத்தி.

பதினைந்து நாள் கழித்து எஸ்டேட் ரைட்டர் என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். எஸ்டேட் கடிதம் கணக்கெல்லாம் பார்ப்பவர் அவர். மேலே துரைக்குக் கால்பந்தில் ஆசை உண்டு. எதிராளி பவுலால் அடிபட்டவன் என்றால் எஸ்டேட் அவனைக் கைவிடாது, தானாக ஓடி விழுந்தான் என்றால் பொறுப்பில்லை, ரெப்ரியிடம் எழுதி வாங்கி வா என்று துரை சொல்லிவிட்டாராம். நான் அன்றைக்கு எழுதிக்கொடுத்த மேட்ச் ரிப்போர்ட்டையும் ரைட்டர் கையோடு கொண்டுவந்திருந்தார். அதில் மூட்டைக்காரன் பேரில் ஒரு பவுலும் இல்லை.

“ஊதலேன்னா பவுல் இல்லேன்னுதான சார் அர்த்தம்?” என்று கேட்டார். அவர் குத்திக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார்.

மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தேன். நாலு பவுல், நாலும் ஒரே ஆள், ஒரே கால், நாலையும் பார்த்தவன் நான், ஒன்றுக்கும் ஊதவில்லை, ஆளைக் கண்டிக்கவும் இல்லை, தவறு என்னுடையது. கையெழுத்துப் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு என்னை ரெப்ரி வேலையிலிருந்து நீக்கினால் நல்லது என்றுகூட நினைத்தேன். ஒருத்தரும் நீக்கவில்லை. அதற்கப்புறம் நடந்த நாலைந்து மேட்சுகளில் இலை அசைந்தால்கூட ஊதினேன். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் எரிச்சலில் எழுந்து போனார்கள். முட்டி வலி என்று சொல்லி நானே நிறுத்திக்கொண்டேன். பொய்யும் இல்லை.

எஸ்டேட்டில் அவனுக்கு வேலை கொடுத்தார்கள். பச்சை ஏலக்காயைச் சூட்டில் உலர்த்துகிற ஸ்டோரில் உட்கார்ந்து அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. கால் ஓரளவு கூடியதும் லாரியில் ஏற்றி மேலே கொண்டுபோனார்கள். தபால் வேலை வேறொருத்தனுக்குப் போயிற்று. அந்த ஆளை நான் தினமும் பார்ப்பேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து தபாலாபீஸ் வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். காக்கிப் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பான். போடியில் அவனுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. பாவம் அவன் என்ன செய்வான், ஆனால் அவன் தூங்குவதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. கொஞ்ச நாளில் வேறு தெருவழியாகப் போக ஆரம்பித்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணி வாக்கில், மழை விட்டிருந்த நேரம், பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். மெட்டிலிருந்து ஜீப்பு ஒன்று வந்து நின்றது. பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். கடைசியாக ஒருத்தன் முதலில் தடியை இறக்கி ஊன்றி, பிறகு காலை இறக்கினான். அவன்தான். ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன், அதற்குள் என்னைப் பார்த்துவிட்டான். சிரித்தான். அவனை எதிர்பார்த்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். மூன்று மாதக் குழந்தை இருக்கும். அவளுடைய அம்மா வீடு எது என்று தெரியுமே தவிர, அவளை அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை. பிள்ளை பிறந்து அவன் கீழே வருவது அதுதான் முதல் தடவையாம். ஸ்டோரில் காய் வருகிற காலத்தில் அடுப்பை விட்டு நகர முடியாது என்றான்.

இதாக்கும் அந்த ரெப்ரி சார் என்று அவளிடம் என்னைக் காட்டினான். அவள் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு மரியாதையாகத்தான் கேட்டாள்.

“அந்த விசில மாத்திட்டீகளாண்ணே? உள்ள தக்கை சிக்கிக்கிட்டு ஊத முடியாமப் போச்சுன்னு இவுக சொன்னாக.”

நான் அவனைப் பார்த்தேன். அவன் தடியின் நுனியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். அவன் படுத்துக் கிடந்த நாளில் அவள் என்னைச் சபித்திருப்பாள். அது கேட்கப் பொறுக்காமல் இப்படி ஒன்றைச் சொல்லிவைத்திருக்கிறான். ஆமாம்மா, மாற்றிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அவனுக்கும் சுலபம், எனக்கும் சுலபம். என்னால் முடியவில்லை.

“விசில் நல்லாத்தாம்மா இருந்துச்சு,” என்றேன். “நாந்தான் ஊதல.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவனைத்தான் வெகுநேரம் பார்த்தாள். பிறகு குழந்தையை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். அவனும் தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே போனான். நாலு மணி ஜீப்புக்கு அவன் திரும்பியாக வேண்டும் என்பதால் இரண்டு பேரும் வெரசாக நடக்கப் பார்த்தார்கள், அவன் காலுக்கு அது முடியவில்லை.